தண்ணி எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, காலேஜ், யுனிவர்சிட்டி பக்கம் ஐம்பது அறுபதுகள்ல எழும்பின கட்டடங்களை இடிக்கறதைப் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன். பாதி பேர் திட்டி எழுதியிருக்கீங்க, மீதிப் பேர் அவங்கவங்க வீட்டு ஒழுகலைப் பத்தி எழுதியிருக்கீங்க. சரி, இந்த மாசம் முழுக்க அதுவே இருக்கட்டும். வாஸ்து கேட்ட மூணு பேர் மன்னிக்கணும், அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல.

கேள்வி: அகமதாபாத் ஐஐஎம்-ல லூயி கான் கட்டின ஹாஸ்டலை இடிக்கக் கூடாதுன்னு உலகம் பூரா ஆர்க்கிடெக்ட்டுங்க கையெழுத்துப் போட்டாங்கன்னு படிச்சேன். சீலிங்ல இருந்து கான்கிரீட் விழுதுன்னு நிர்வாகமே சொல்லும்போது பிள்ளைங்க தலை முக்கியமா, கட்டடம் முக்கியமா? (ஒரு அப்பா, தாம்பரம்)

தலைதான் சார் முக்கியம், அதுல என்ன சந்தேகம். ஆனா அந்தத் தலையைக் காப்பாத்த கட்டடத்தை இடிச்சுத்தான் ஆகணுமாங்கறது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டுக் கிண்டினதுதான் அங்க நடந்த கூத்து.

கதைய கொஞ்சம் முன்னாடி இருந்து சொல்லிடறேன். 1961-ல அந்த இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிக்கறாங்க. அடுத்த வருஷம் பி.வி. தோஷி, அப்ப அவர் முப்பத்தஞ்சு வயசு இளம் ஆர்க்கிடெக்ட், அமெரிக்காவுல இருந்த லூயி கானைப் பேசி இழுத்துட்டு வர்றார். கான் அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அகமதாபாத்துக்கு வந்து வந்து போயிட்டே இருந்தார், 1974 மார்ச்ல அங்க இருந்து ஊர் திரும்பற வழியில நியூயார்க் ரயில்வே ஸ்டேஷன்லயே உயிர் போயிடுச்சு. மிச்ச வேலையை இங்க இருந்தவங்க முடிச்சாங்க, அதுல அனந்த் ராஜேங்கற ஆர்க்கிடெக்ட்டுக்குப் பெரிய பங்கு. மொத்தம் 18 ஹாஸ்டல் பிளாக்.

பாத்தவங்களுக்குத் தெரியும், பூச்சும் கிடையாது பெயிண்ட்டும் கிடையாது, வெறும் செங்கல், அதுல ஆள் உயரத்தைத் தாண்டின வட்ட வட்டமான திறப்பு, அகலமான வளைவு. வளைவுக்கு அடியில ஒரு கான்கிரீட் கட்டை குறுக்க ஓடும், வில்லுக்கு நாண் கட்டின மாதிரி. அது அழகுக்கு இல்ல. வளைவு தட்டையா இருந்தா அது ரெண்டு பக்கச் சுவரையும் வெளிய தள்ளும், அந்தத் தள்ளலை இந்தக் கட்டை இழுத்துப் புடிச்சுக்குது. இழுக்கற வேலைய கான்கிரீட் செய்யாது, உள்ள இருக்கற கம்பிதான் செய்யும். இப்ப யோசிங்க, வெளிப்பூச்சு இல்லாத செங்கல், மழைல நனையுது, செங்கல் வழியா ஈரம் அந்தக் கட்டைக்குப் போகுது, கம்பி துருப்புடிக்குது. நோய் அங்கதான் இருக்கு, யாரும் மறைக்கல. 2001 பூஜ் பூகம்பம் வேற ஒரு உலுக்கு உலுக்கிட்டுப் போச்சு.

இதுக்கு நடுவுல அதே கேம்பஸ்ல, அதே செங்கல்ல கட்டின விக்ரம் சாராபாய் நூலகத்தை ஆர்க்கிடெக்ட் பிருந்தா சோமையாவோட ஆபீஸ் சரி பண்ணிச்சு, 2019-ல அதுக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது. விருது வாங்கின மறு வருஷம், 2020 டிசம்பர்ல, 18-ல 14 பிளாக்கை எடுத்துட்டுப் புதுசா கட்டப்போறோம்னு நிர்வாகம் அறிவிக்குது. உலகம் பூரா சத்தம். 2021 ஜனவரி 1-ம் தேதி வாபஸ். அப்பாடான்னு இருந்தா 2022 நவம்பர்ல மறுபடி, சரி பண்ணிப் பாத்தாச்சு, சில கட்டடங்களைப் புதுசாத்தான் கட்டணும்னு இன்னொரு கடிதம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டா, நிர்வாகம் பொய் சொல்லுதுன்னு நான் சொல்ல மாட்டேன். செங்கல் தரம் சரியில்லன்னு அவங்க சொல்றது விளையாட்டான விஷயம் இல்ல. ஆனா "முடியாது"ங்கற வார்த்தை மட்டும் எனக்கு இடிக்குது. பக்கத்துலயே ஒண்ணை முடிச்சுக் காட்டியாச்சே. "செலவாகும், நாளாகும், அத்தனை பசங்களை எங்க தங்க வைக்கறது"ன்னு சொல்லியிருந்தா அது நேர்மையான பேச்சு, அதோட உக்காந்து பேசலாம்.

இன்னொண்ணு, யாரும் பெருசா பேசாதது. அறுபதுகளோட ஹாஸ்டல் பையனுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஃபேன் போதும். கான் அங்க நீளமான காரிடார் வைக்கல, படிக்கட்டையும் டீ ரூமையும் சுத்தி ரூம் வெச்சார், பசங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துத்தான் ஆகணும்னு. இப்ப பசங்களுக்கு அட்டாச்டு பாத்ரூம், ஏசி. அதை அந்தச் சுவருக்குள்ள திணிக்கப் பாத்தா ரெண்டும் கெடும். ஆனா அது ஹாஸ்டலாவே இருந்து ஆகணும்னு யார் சொன்னா? புதுசா ஹாஸ்டலை வேற மூலையில கட்டிட்டு, இதை ஆராய்ச்சிக்கு வர்றவங்க ரூமாவோ, சின்னச் சின்ன ஆபீஸாவோ ஆக்கலாம். வேலையை மாத்தினா கட்டடம் பொழைச்சுக்கும். எத்தனையோ தடவை நான் பாத்தது அது.

அகமதாபாத்ல ஒரு நாள் கையில இருந்தா ஐஐஎம்மோட நிறுத்தாதீங்க. குஜராத் யுனிவர்சிட்டியைச் சுத்தி நடந்தாலே போதும், அட்டிரான்னு ஒரு ஜவுளி ஆராய்ச்சி நிலையம், பிஆர்எல்-னு இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம், ரெண்டும் அச்யுத் கான்விண்டே ஐம்பதுகள்ல பண்ணது, அப்புறம் தோஷி கட்டின எல்.டி. இந்தியவியல் நிலையம். அந்தக் கடைசிக் கட்டடத்துல ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதியெல்லாம் இருக்கு. வெயிலும் சூடும் படாம இருக்க பாதித் தளத்தைத் தரைக்குக் கீழ இறக்கிட்டார். கட்டினப்ப என்ன வேலைக்குக் கட்டினாங்களோ இன்னிக்கும் அதே வேலைதான் நடக்குது. அதான் அதை யாரும் இடிக்கணும்னு பேசவே இல்ல.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயில் ஆயிரம் வருஷமா நிக்குது. கான்கிரீட் மட்டும் ஏன் ஐம்பது வருஷத்துல உதிருது? அப்ப அது மட்டமான பொருள்தானே? (ஒரு ரிட்டயர்டு ஆசிரியர், ஒரத்தநாடு)

ஐயா, பெரிய கோயில்ல கம்பி இல்ல. அவ்ளோதான் ரகசியம்.

கல்லு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால கோயில்ல எல்லாமே ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து அமுங்கியே நிக்குது. கான்கிரீட்டும் அப்படித்தான், ஆனா நாம அதுக்குள்ள கம்பி போட்டு இழுப்பையும் தாங்க வெச்சோம், அதனாலதான் தூணே இல்லாம போர்டிகோ எட்டடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. புது கான்கிரீட் கடுமையான காரத்தன்மையோட இருக்கும், அந்தக் காரம் இருக்கற வரைக்கும் கம்பி துருப்புடிக்காது. ஆனா காத்துல இருக்கற கரியமில வாயு வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள நுழைஞ்சு அந்தக் காரத்தைத் தின்னுக்கிட்டே போகும். என்னிக்கு அது கம்பிய எட்டுதோ அன்னிக்குப் பாதுகாப்பு போச்சு, அப்புறம் ஈரம் மட்டும் வந்தாப் போதும். துரு, இரும்பை விட பல மடங்கு இடம் எடுத்துக்கும். உள்ள இருந்தே கான்கிரீட்டை உடைச்சுத் தள்ளும். கடற்கரை ஊர்னா உப்பு வேற சேந்துக்கும், இன்னும் வேகம்.

இதைக் கண்ணால பாக்கலாம். நீங்க ஆசிரியர், பினாப்தலீன் ஞாபகம் இருக்கும். உதிர்ற இடத்துல புதுசா ஒரு துண்டை உடைச்சு, அந்தப் புது முகத்துல அதைத் தெளிப்போம். காரம் உசுரோட இருக்கற இடம் ரோஜா கலர்ல பளிச்சுனு மாறும், செத்த இடம் அப்படியே சாம்பலாவே இருக்கும். அந்த ரோஜாக் கோடு கம்பிக்கு வெளிய இருக்கா உள்ள போயிடுச்சான்னு ஸ்கேல் வெச்சு அளந்தா, வைத்தியம் பாக்கலாமா வேண்டாமான்னு பாதி தெரிஞ்சுடும். சில நூறு ரூபா மருந்து. அதைக்கூடச் செய்யாம "ஆயுசு முடிஞ்சுது"ன்னு ரிப்போர்ட் எழுதறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஒரு காலேஜ், பேர் வேண்டாம், அறுபதுகள்ல கட்டின நூலகம். பருவ இதழ் வைக்கற ரூம்ல சீலிங் ஒழுகி, கீழ பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள்ள சத்தம் வரக் கூடாதுன்னு நூலகர் அம்மா ஒரு பழைய துணிய மடிச்சுப் போட்டு வெச்சிருந்தாங்க. இடிச்சுடலாம்னு ரிப்போர்ட் தயார். நான் போன அன்னிக்கு எதுக்கும் பாப்போம்னு மாடி ஏறினேன். தட்டையான சுட்ட ஓடு பதிச்ச தளம், அதுக்கு மேல எப்பவோ வெதரிங் கோர்ஸ்னு வெயில் மழைக்காகப் போடற இன்னொரு அடுக்கு, அதுக்கு மேல வெள்ளை கூலிங் டைல்ஸ். மூணு அடுக்கு. தண்ணி இறங்கற குழாய் வாய் எங்கன்னு தேடினா இல்ல! கடைசியா டைல்ஸ் போட்ட ஆளு ரெண்டு வாயையும் அடைச்சுட்டுப் போயிருக்கான். தளம் பூரா குளம், வெளிய போக வழி இல்லாத தண்ணி கான்கிரீட் வழியாத்தான் இறங்கணும். சுத்தி வந்தா கைப்புடிச் சுவர் மூலையில அரசமரக் கன்னு வேற முழங்கால் உயரத்துக்கு. மேல் ரெண்டு அடுக்கையும் பேத்து எடுத்து, வாட்டத்தைத் திருத்தி, குழாய் வாயைத் திறந்து, உதிர்ந்த இடத்துல கம்பிய சுத்தம் பண்ணி ஒட்டுப் போட்டாங்க. வாளி போயிடுச்சு. அந்த ரூம்ல இப்ப பசங்க உக்காந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கறாங்க.

எல்லாக் கட்டடமும் இப்படிப் பொழைக்காது, அதையும் சொல்லிடணும். கம்பி பாதி தேஞ்சு போயிருந்தா, தூண்லயே நீட்டு வாக்குல வெடிப்பு ஓடியிருந்தா, இடிக்க நானே சொல்லுவேன், சொல்லியும் இருக்கேன்.

கேள்வி: யுனிவர்சிட்டி வாசல்ல இருந்து அஞ்சு நிமிஷம் நடக்கற தூரத்துல எங்க வீடு, 1963-ல எங்க தாத்தா கட்டினது. வளைஞ்ச போர்டிகோ, ஜாலி (காத்து வர ஓட்டை வெச்ச தடுப்பு) வெச்ச படிக்கட்டு, மொசைக் தரை. அப்பாவும் சித்தப்பாவும் புரமோட்டருக்குக் குடுத்துட்டு ஆளுக்கு ஒரு ஃபிளாட் வாங்கிக்கலாங்கறாங்க. நான் லேடீஸ் ஹாஸ்டல் நடத்தலாமான்னு பாக்கறேன். அறுபது வருஷ வீடு தாங்குமா? (ஒரு வாசகி, மதுரை)

அம்மா, வீடு தாங்குமாங்கறதை விட சித்தப்பா தாங்குவாராங்கறதுதான் எனக்குக் கவலையா இருக்கு. அதை நீங்க பாத்துக்குவீங்க, நான் வீட்டைப் பத்திச் சொல்றேன்.

அந்தக் காலத்து வீட்டுல சுவர் ஒன்பது இன்ச், சுவர்தான் தளத்தைத் தாங்குது. இப்ப ஃபிளாட் கட்டற மாதிரி தூண், பீம் கிடையாது. அதனால முதல் விதி, எந்தச் சுவரையும் எஞ்சினியரைக் கேக்காம எடுக்காதீங்க. ஹாஸ்டல்னதும் எல்லாரும் மொதல்ல செய்யறது ஹாலை ரெண்டாக்கறது, ரெண்டு ரூமை ஒண்ணாக்கறது. புதுசா தடுப்பு வைக்கறது பரவாயில்ல, ஜிப்சம் போர்டு, பிளைவுட் தடுப்புன்னு லேசா எதையாவது வெச்சுத் தடுத்துக்கலாம், நாளைக்கு வேண்டாம்னா கழட்டிடலாம். இருக்கற சுவரை எடுக்கறதுதான் ஆபத்து. கொத்தனார் "அது சும்மா பார்டிஷன் சுவர்தாங்க"ன்னு சொல்லுவார், நம்பாதீங்க, மாடி ஏறி மேல அதே கோட்டுல சுவர் இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவது தண்ணி டேங்க். ஆயிரம் லிட்டர்னா ஒரு டன். இருபது பொண்ணுங்க குளிக்கணும்னா மூவாயிரம் லிட்டராவது வேணும், அதைத் தூக்கி தளத்துக்கு நடுவுல வெச்சுடாதீங்க. ரெண்டு சுவர் சேர்ற மூலைக்கு மேல, கீழ கட்டை குடுத்து, எடை சுவர்ல இறங்கற மாதிரி வெக்கணும். முடிஞ்சா தரையிலயே சம்ப் கட்டி மேல சின்ன டேங்க் போதும்.

மூணாவது பாத்ரூம், உங்க திட்டம் பொழைக்கறதும் சாகறதும் இங்கதான். பழைய வீட்டுல ஒரு பாத்ரூம் பின்னாடி இருக்கும். ரூமுக்கு ஒண்ணு வேணும்னு தளத்தை எட்டு இடத்துல ஓட்டை போட்டீங்கன்னா முடிஞ்சுது கதை. வீட்டுக்குப் பின்பக்கம், பழைய சுவரைத் தொட்டும் தொடாம, தனியா தூண் நிறுத்தி ஒரு பாத்ரூம் பிளாக் கட்டுங்க, ரெண்டு மாடிக்கும் ஒண்ணு மேல ஒண்ணா. ஈரம் எல்லாம் அங்க, வீடு காஞ்சே இருக்கும். நாளைக்குப் புதுசுல ஒழுகினாலும் பழசு கெடாது.

மாடித் தளத்துல ஏற்கெனவே எத்தனை அடுக்கு இருக்குன்னு ஒரு மூலையில ஒரு சாண் அகலத்துக்குப் பேத்துப் பாருங்க. ஆயிரம் சதுர அடிக்கு மூணு இன்ச் ஜல்லி சுண்ணாம்பு போட்டா பன்னெண்டு டன் பக்கம் வரும். ஒழுகுதுன்னு மேல மேல போட்டுக்கிட்டே போறவங்க, வீட்டு மேல யானைய ஏத்தி வெச்சிருக்கோம்னு நெனைக்கறதே இல்ல. பழசை எடுத்துட்டுத்தான் புதுசு.

வெளிச்சுவர்ல உப்பு பூத்திருந்தா, ஓதம் ஏறியிருந்தா, பெயிண்ட் கடைக்காரர் வாட்டர்புரூஃப் பெயிண்ட் தள்ளி விடுவார். ஈரம் உள்ள இருக்கும்போது வெளிய மூடினா அது வீட்டுக்குள்ள பக்கமாத் திரும்பும். மொதல்ல ஈரம் எங்க இருந்து வருதுன்னு புடிங்க, நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுல அது சன்ஷேட் மேல தேங்கற தண்ணியோ, சுவரை ஒட்டி வெச்சிருக்கற பூந்தொட்டியோதான்.

பணக் கணக்குக்கு வர்றேன், சித்தப்பாகிட்ட இதைக் காட்டுங்க. இடம் யுனிவர்சிட்டி வாசல்ல இருக்கு, படிக்கற பொண்ணுங்க எந்த வருஷமும் வருவாங்க. ஃபிளாட்டு ஒரு தடவை கைக்கு வர்ற சொத்து, ஹாஸ்டல் மாசா மாசம். அதே நேரம் லேடீஸ் ஹாஸ்டல்னா தமிழ்நாட்டுல 2014-ல வந்த தனிச் சட்டம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல உரிமம் வாங்காம நடத்த முடியாது, தீயணைப்பு, சுகாதாரம்னு சான்றிதழ் எல்லாம் கேப்பாங்க, வார்டன் வேணும், கேமரா வேணும். "நம்ம வீடுதானே, நாலு கட்டில் போட்டா ஆச்சு"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அந்த ஜாலி வெச்ச படிக்கட்டை மட்டும் கண்ணாடி போட்டு அடைச்சுடாதீங்கம்மா, அந்த வீட்டுக்கு மூக்கு அதுதான்.

கேள்வி: இதையெல்லாம் தொல்லியல் துறை எடுத்துப் பாதுகாக்காதா? (கல்லூரி மாணவர், திருச்சி)

எடுக்காது தம்பி. நினைவுச்சின்னச் சட்டப்படி குறைஞ்சது நூறு வயசு ஆகணும். டெல்லில இன்னும் மோசம், பிரகதி மைதானத்துல ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவல் வரைஞ்சு எஞ்சினியர் மகேந்திர ராஜ் கணக்குப் போட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ்ங்கற கண்காட்சி மண்டபம், 1972-ல கான்கிரீட்லயே வலை மாதிரி பின்னிக் கட்டினது, அது அறுபது வயசு கூட ஆகலன்னு பாரம்பரியப் பட்டியல்ல சேர்க்கல. 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சுட்டாங்க. பாட்டி வீட்டுக்கு மரியாதை உண்டு, புது வீட்டுக்கும் உண்டு, நடுவயசுக் கட்டடத்துக்குத்தான் நாதி இல்ல.

கேள்வி: வெளிநாட்டுல இந்தக் கட்டடங்களை என்ன பண்றாங்க? அங்கயும் இடிக்கறாங்கதானே? (ஒரு வாசகர், வேளச்சேரி)

இடிக்கறாங்க, நல்லாவே இடிக்கறாங்க. ஆனா ஒரு ஊர் சொல்றேன். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி இருக்கற நியூ ஹேவன். சின்ன ஊரு, ஆனா ஐம்பது அறுபதுகள்ல பெரிய பெரிய ஆளுங்க அங்க கட்டியிருக்காங்க. நம்ம அகமதாபாத் கான் இருக்காரே, அவரோட முதல் பெரிய வேலையே அங்கதான், 1953-ல கட்டின யேல் ஆர்ட் கேலரி. அதுல ஒரு பக்கம் பூரா கண்ணாடிச் சுவர். குளிர் காலத்துல வெளிய பனி, உள்ள ஹீட்டர், நடுவுல இரும்புச் சட்டம், சட்டம் வேர்த்து வேர்த்துத் தண்ணி ஓடும். அம்பது வருஷம் அதோட மல்லுக்கட்டிட்டு, 2006-ல முடிச்ச சீரமைப்புல அந்தக் கண்ணாடிச் சுவர் மொத்தத்தையும் கழட்டிட்டு, வெளிய இருந்து பாத்தா அதே மாதிரி தெரியற, ஆனா குளிரைக் கடத்தாத புதுச் சுவரை மாட்டினாங்க. இதுல பழசுன்னு தொடக் கூடாதுன்னு யாரும் கும்புட்டுக்கிட்டு நிக்கல, கவனிச்சீங்களா? நோய் புடிச்ச உறுப்பை மட்டும் மாத்தினாங்க.

இன்னொண்ணு கேம்பஸுக்கு வெளிய, ஹைவே ஓரமா. மார்செல் பிராயர் ஒரு டயர் கம்பெனிக்குக் கட்டின ஆபீஸ், 1970-ல முடிஞ்சுது. கீழ ஆராய்ச்சிக்கூடம், மேல ஆபீஸ், நடுவுல ரெண்டு மாடி உயரத்துக்கு வெறும் காத்து, கீழ போடற சத்தம் மேல வரக் கூடாதுன்னு. டயர் கம்பெனி கை மாறுச்சு, அப்புறம் காலியாச்சு. 2003-ல பர்னிச்சர் விக்கற ஐகியா அந்த இடத்தை வாங்கி, பக்கத்துல கடை கட்டி, கார் நிறுத்த இடம் வேணும்னு கீழ் பக்கத்துல ஒரு பெரிய துண்டை இடிச்சுட்டாங்க. மிச்சம் நின்னது ரொம்ப வருஷம் அவங்க விளம்பர பேனர் தொங்கற பலகைதான். அப்புறம் புரூஸ் பெக்கர்னு ஒரு ஆர்க்கிடெக்ட், அவரே வாங்கி, 2022-ல 165 ரூம் ஹோட்டலாத் திறந்தார். கேஸ் அடுப்புகூட இல்ல, எல்லாமே கரண்ட், கார் பார்க்கிங் மேலயும் கூரை மேலயும் ஆயிரத்துக்கு மேல சோலார் பலகை. பிராயரோட பேரையே ஹோட்டலுக்கு வெச்சார், ஹோட்டல் மார்செல். இருந்த வெளிக்கூட்டை வெச்சுக்கிட்டு உள்ள இருக்கற பொழப்பை மாத்தினார், அவ்ளோதான். பெக்கருக்குப் பணமும் பைத்தியமும் ரெண்டும் இருந்துச்சுங்கறது வேற விஷயம், ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா இது நடக்காது.

கேள்வி: பழைய கட்டடத்துக்கு நடுவுல புதுசா ஒண்ணு கட்டணும்னா அதே மாதிரி காப்பி அடிக்கணுமா? (கட்டடக்கலை மாணவி, கோவை)

காப்பி வேண்டாம், அடக்கம் போதும். மறுபடி அகமதாபாத்துக்கே போறேன், கோச்சுக்காதீங்க. செப்ட் யுனிவர்சிட்டி, தோஷி அறுபதுகள்ல கட்டின கேம்பஸ், செங்கல்லும் கான்கிரீட்டுமா திறந்த வெளியா இருக்கும், பசங்க படிக்கட்டுலயே உக்காந்து வரைவாங்க. அங்க நடுவுல ஒரு நூலகம் வேணும்னு ராகுல் மெஹ்ரோத்ராகிட்ட குடுத்தாங்க, 2017-ல முடிஞ்சுது. அவர் நாலஞ்சு மாடிய மேல அடுக்கி தோஷியை முழுங்கியிருக்கலாம். பதிலா தளத்தைத் தரைக்குக் கீழ இறக்கிட்டார். மேல தெரியறது பக்கத்துக் கட்டடம் அளவுக்குத்தான், கீழ குளுமையில புத்தகம். ஆனா நம்ம ஊர்ல தரைக்குக் கீழ போறதுன்னா மழைத்தண்ணிய நினைச்சுக்கோங்க, அகமதாபாத் மழையும் சென்னை டிசம்பர் மழையும் ஒண்ணு இல்ல.

கேள்வி: ஒழுங்காப் பாத்துக்கிட்ட கட்டடம் ஒண்ணு நம்ம பக்கத்துலயே இருக்கா, போய்ப் பாக்க? (ஒரு வாசகர், விழுப்புரம்)

உங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேரம், பாண்டிச்சேரி ஆசிரமத்தோட கோல்கொண்டே. யுனிவர்சிட்டி இல்ல, ஆனா அதுவும் தங்கற விடுதிதான், அதனால இந்தப் பேச்சுக்கு நடுவுல அதை விட முடியாது. வருஷமும் கொஞ்சம் முந்தினது, முப்பதுகளோட கடைசில ஆரம்பிச்சு யுத்த காலத்துல முடிஞ்சது. ஆன்டனின் ரேமண்ட் வரைஞ்சது, ஜார்ஜ் நகாஷிமா இங்க வந்து தங்கி கட்டினார். ஹைதராபாத் நிஜாம் அரசு பணம் குடுத்ததால அந்தப் பேர்.

அங்க ஜன்னலே கிடையாது. ரூமோட வெளிப்பக்கம் பூரா மேல இருந்து கீழ வரைக்கும் பட்டை பட்டையா திருகற பலகை, வெயில் வந்தா சாய்ச்சுக்கலாம், காத்து வேணும்னா திறந்துக்கலாம். கூரை ரெண்டு அடுக்கு, கான்கிரீட் தளத்துக்கு மேல வளைஞ்ச ஓடு, நடுவுல காத்து ஓட இடம். அதனால அந்தத் தளம் சூட்டையும் மழையையும் நேராப் பாக்கறதே இல்ல. கதவுக் கொண்டி, கீல் எல்லாம் பித்தளை, பக்தர்கள் குடுத்த பாத்திரத்தை உருக்கி அங்கயே வார்த்தது. நான் போனப்ப ஒரு பெரியவர் அந்தப் பலகைகளை ஒவ்வொண்ணா துணியால துடைச்சுக்கிட்டு இருந்தார், ஒரு பலகை முடிச்சு அடுத்தது, அவசரமே இல்ல. தினமுமான்னு கேட்டேன், தலைய மட்டும் ஆட்டிட்டு அடுத்த பலகைக்குப் போயிட்டார். எண்பது வருஷத்துக் கான்கிரீட்டு, கடலுக்கு ரொம்பக் கிட்ட, உப்புக் காத்து. சும்மா போய் உள்ள நுழைய முடியாது, ஆளுங்க தங்கியிருக்கற இடம், ஆசிரமத்துல அனுமதி கேட்டுட்டுப் போங்க, போன்ல சத்தமாப் பேசாதீங்க.

கேள்வி: எவ்ளோ சொன்னாலும் இந்தக் கான்கிரீட் பெட்டிங்க பாக்க அசிங்கமாத்தானே இருக்கு? (பெயர் வேண்டாம்)

இருக்கட்டும். அறுபதுகள்ல செட்டிநாட்டு வீட்டைப் பாத்தும் இதைத்தான் சொன்னாங்க, தேக்குத் தூணை விறகு விலைக்குத் தள்ளினாங்க. இப்ப அதே தூணை வாங்க காரைக்குடி பழைய சாமான் கடைக்கு ஏசி கார்ல வர்றாங்க. பெட்டியக் கழுவி, மேல ஒட்டின ஏசி யூனிட், ஃப்ளெக்ஸ் பேனர், தொங்கற கேபிள் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு தடவை பாருங்க, அப்பவும் அசிங்கம்னு தோணினா எனக்கு எழுதுங்க.

கேள்வி: மேல மதுரை வாசகி மாதிரியே எங்க வீட்டுலயும் பழைய மொசைக். கறை ஏறிப் போச்சு. ஆசிட் ஊத்திக் கழுவினா பளிச்சுனு ஆகும்னு வேலைக்கார அம்மா சொல்றாங்க, செய்யலாமா? (ஒரு வாசகி, சிதம்பரம்)

வேண்டவே வேண்டாம்மா. மொசைக்ல இருக்கறது சலவைக்கல் துண்டும் சிமெண்ட்டும், ஆசிட் ரெண்டையும் தின்னும், ஒரு நாள் பளிச்சுனு இருக்கும், அப்புறம் சொரசொரன்னு ஆகி அழுக்கை இன்னும் புடிச்சுக்கும். வெறும் தண்ணி, கொஞ்சம் சோப்புத் தூள், நார் பிரஷ். கறை ரொம்ப ஆழம்னா பாலீஷ் மெஷின்காரங்களைக் கூப்புட்டு கல்லு மாத்தி மாத்தி மூணு தடவை ஓட்டச் சொல்லுங்க, வேலை நடக்கற நாலு நாளும் வீடு பூரா சேறாத்தான் இருக்கும், பீரோவை எல்லாம் முன்னாடியே நகத்தி வெச்சுடுங்க. அப்படியே டைல்ஸ் போட்டுடலாம்னு அவங்க ஒரு யோசனை சொல்லுவாங்க, காதுல வாங்கிக்காதீங்க.